பெரிய நூலைக் கணினியில் பிரிப்பது: ஒரே ஃபைலா, புக் ஃபைலா, மாஸ்டர் டாக்குமென்ட்டா?

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், தொண்டி வட்டார டிடிபி மையங்களுக்கு வரும் பெரிய வேலைகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது மலர். கும்பாபிஷேக மலர், ஜமாஅத் ஆண்டு மலர், தேவாலய வெள்ளி விழா மலர் எல்லாம் இதில் அடங்கும். கட்டுரையைவிட விளம்பரம்தான் அதிகம், அதுவும் கடைசி வாரத்தில்தான் வரும். இரண்டாவது ஊர் வரலாறு அல்லது குடும்ப வரலாறு. ஒருவரே எழுதியிருப்பார், அடிக்குறிப்பு நிறைய இருக்கும். மூன்றாவது கையேடு. மீன், பாசி, பவளப்பாறை, தீவு என்று படமும் அட்டவணையும் பெயரகராதியும் சேர்ந்தது.

மூன்றையும் ஒரே மாதிரி அமைத்தால் ஏதோ ஓரிடத்தில் இடிக்கும். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே ஆள் ஒரே கணினியில் செய்யும் உரைநடை நூல் 300 பக்கம் வரை போனாலும் ஒரே ஃபைல் போதும். இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலைக்கும், பகுதிகள் வெவ்வேறு நாளில் முடிந்து வருகிற வேலைக்கும், படம் கனமாக உள்ள வேலைக்கும் அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் புக் ஃபைல் (தனித்தனி அத்தியாய ஃபைல்களை ஒரே நூலாகக் கட்டும் பட்டியல்). கையில் இன்டிசைன் இல்லை, அச்சும் ஒரே வண்ணம் என்றால் இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸில் அதே வேலையைச் செய்யும் மாஸ்டர் டாக்குமென்ட். இன்டிசைனுக்கு முந்தைய மென்பொருளான பேஜ்மேக்கர் பழைய வேலையைத் திரும்ப அச்சிட மட்டும். "நூறு பக்கம் தாண்டிவிட்டது, பிரித்துவிடு" என்று பக்கத்தை எண்ணிப் பிரிக்கிற பழக்கம் பேஜ்மேக்கர் காலத்து மிச்சம். அதை விட்டுவிடலாம்.

பிரிப்பதற்கு முன் எழுத்துரு

எந்த வழியில் போனாலும் முதலில் தீர்க்க வேண்டியது இது. 2010-ல் தமிழக அரசு யூனிகோட், டேஸ் 16 என்ற இரண்டு குறியாக்கங்களை (கணினியில் எழுத்துக்கு எண் கொடுக்கும் முறைகளை) தரமாக ஏற்றது. ஆனாலும் கட்டுரையாளர்கள் பாமினியிலும் வானவில்லிலும் டாம் எழுத்துருக்களிலும் அடித்து அனுப்புவது இன்னும் நிற்கவில்லை. ஒரு மலரில் பன்னிரண்டு கட்டுரை வந்தால் நான்கு குறியாக்கமாவது இருக்கும்.

ஒரே ஃபைலில் இது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பல ஃபைலாகப் பிரித்து ஒவ்வொருவரும் தன் அத்தியாயத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒளிந்துகொள்ளும். மூன்றாம் அத்தியாயம் பாமினியில் இருக்கிறது, திரையில் அழகாகவே தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். புக் ஃபைலில் சிங்க்ரனைஸ் (எல்லா ஃபைலின் அமைப்பையும் ஒரே மாதிரி ஆக்கும் கட்டளை) கொடுத்ததும் முதல் அத்தியாயத்தின் பத்தி ஸ்டைல், அதாவது பத்தியின் எழுத்துரு, அளவு முதலிய அமைப்பு, வந்து அங்கே உட்காரும். அந்த ஸ்டைலில் இருப்பது யூனிகோட் எழுத்துரு. பாமினியில் 'அம்மா' என்று தெரிந்தது, அடியில் உண்மையாக இருக்கும் ஆங்கில எழுத்துகளாகவும் அரைப்புள்ளிகளாகவும் மாறி நிற்கும். மூடியிருக்கும் ஃபைல்களில் சிங்க்ரனைஸ் செய்த மாற்றத்தை அன்டூ செய்யவும் முடியாது. மாற்றி, சேமித்து, மூடிவிடும்.

ஆகவே எல்லாக் கட்டுரையையும் ஃபைல் பிரிக்கும் முன்பே யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றி முடித்த பிறகு கண்ணால் பார்க்க வேண்டியவை: கொம்பு உள்ள எழுத்துகள் (கெ, கொ, கௌ), ஸ்ரீ, ஃ, நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள், தேதிகள். மாற்றிகள் ஆங்கிலச் சொல்லையும் தமிழ் என்றே நினைத்து உருமாற்றிவிடும். கப்பல் பெயரும் மீனின் அறிவியல் பெயரும் முதலில் அடிபடும்.

அடுத்தது கம்போசர், அதாவது எழுத்துகளைக் கோத்து வரியாக அடுக்கும் பகுதி. இன்டிசைனில் பத்தி ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் 'வேர்ல்ட் ரெடி' கம்போசர் தேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் யூனிகோட் தமிழில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஒரு அத்தியாயத்தில் மட்டும் கொம்பு இடம் மாறித் தெரிந்தால் எழுத்துருவைச் சந்தேகிக்க வேண்டாம், அந்த ஃபைலின் கம்போசரைப் பாருங்கள். சிங்க்ரனைஸ் நல்லது செய்யும் இடமும் இதுதான்: மூல ஃபைலில் கம்போசர் சரியாக இருந்தால் பத்து அத்தியாயமும் ஒரே சொடுக்கில் திருந்திவிடும்.

ஒரே ஃபைல்

இன்டிசைன் ஒரு ஃபைலில் 9,999 பக்கம் வரை ஏற்கும். பேஜ்மேக்கருக்கு எல்லை 999. ஊர் வரலாறு எதுவும் இந்த எல்லையைத் தொடப்போவதில்லை. படங்கள் லிங்க்காகத்தான் நிற்கின்றன, உள்ளே போவதில்லை. எனவே 'படம் நிறைய, ஃபைல் வீங்கும்' என்ற பயமும் பாதி வீண்.

ஒரே ஃபைலின் உண்மையான வலிமை அடிக்குறிப்பிலும் தேடலிலும் இருக்கிறது. அடிக்குறிப்பு எண் 1 முதல் 340 வரை நூல் முழுக்கத் தொடர வேண்டும் என்றால் ஒரே ஃபைலில் அது தானாக நடக்கும். புக் ஃபைலில் ஒவ்வொரு ஃபைலிலும் எண் மறுபடி தொடங்கும். தொடர வைக்க வேண்டுமானால் ஒவ்வொரு ஃபைலிலும் தொடக்க எண்ணைக் கையால் போட வேண்டும், இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு குறிப்பு கூடினால் மீதி எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். ஆவணச் சான்றுகளோடு எழுதிய சேதுபதி சீமை வரலாற்றுக்கு இது ஒன்றே ஒரே ஃபைலைத் தேர்வதற்குப் போதுமான காரணம். அத்தியாயத்துக்கு அத்தியாயம் எண் புதிதாகத் தொடங்குவதை ஆசிரியர் ஏற்றால் இந்தத் தடை இல்லை. வேலை தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

தவறு நடப்பது வேறு இடத்தில். நூல் முழுவதையும் ஒரே இழையாக, ஒரு டெக்ஸ்ட் ஃப்ரேமிலிருந்து அடுத்ததற்கு 280 பக்கம் வரை கோத்துவிடுகிறார்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் மீதி 268 பக்கமும் மறுபடி ஓடும். கணினி திணறும், படங்கள் இடம் மாறும், பார்த்து முடித்த புரூஃப் செல்லாமல் போகும். ஃபைலைப் பிரிக்கத் தேவையில்லை, இழையைப் பிரித்தால் போதும். அத்தியாயம் முடிகிற இடத்தில் இழையை வெட்டி, அடுத்த அத்தியாயத்தைப் புதிய ஃப்ரேமில் தொடங்குங்கள். 'ஃபைல் கனத்துவிட்டது' என்று புகார் வரும் வேலைகளில் பெரும்பகுதி இதிலேயே சரியாகிவிடும்.

ஃபைல் கெட்டுவிட்டால் எல்லாம் போய்விடுமே என்ற அச்சம் நியாயமானது. ஐப்பசி கார்த்திகையில் மழையும் காற்றும் வந்தால் இந்தக் கரையில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. தினமும் மாலையில் 'சேவ் ஆஸ்' கொடுத்துப் பெயரின் கடைசியில் தேதியைச் சேருங்கள். வாரம் ஒருமுறை ஐடிஎம்எல் வடிவிலும் (இன்டிசைன் ஃபைலின் பரிமாற்ற வடிவம்) ஒரு பிரதி எடுங்கள். காரணமில்லாமல் நின்றுபோகும் ஃபைலை ஐடிஎம்எல்லாக எடுத்து மறுபடி திறந்து சேமித்தால் பல சமயம் குணமாகிவிடும், அளவும் குறையும்.

புக் ஃபைல்

முதலில் இது என்ன இல்லை என்பதைத் தெளிவாக்க வேண்டும். ஐஎன்டிபி என்று முடியும் புக் ஃபைலுக்குள் உங்கள் அத்தியாயம் எதுவும் இருக்காது. எந்தெந்த ஃபைல், எந்த வரிசை, எது ஸ்டைலுக்கு மூலம் என்ற பட்டியல் மட்டுமே இருக்கும். அதை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு சிவகாசிக்குப் போனால் அங்கே திறக்க ஒன்றும் இருக்காது.

ஃபோல்டர் அமைப்பு இப்படி இருக்கட்டும். வேலைக்கு ஒரே ஃபோல்டர். அதற்குள் புக் ஃபைலும் எல்லா அத்தியாய ஃபைல்களும் ஒரே மட்டத்தில். படத்துக்கும் எழுத்துருவுக்கும் தனித்தனி உள் ஃபோல்டர். ஃபைல் பெயர் ஆங்கில எழுத்தில், முன்னால் இரண்டு இலக்க எண்ணோடு, இடைவெளி இல்லாமல். தமிழில் பெயர் வைப்பதில் தவறில்லை. ஆனால் ஜிப் செய்து அனுப்பும்போது வேறு கணினியில் பெயர் சிதைந்தால் லிங்க் அத்தனையும் அறுந்துபோகும். எண்ணைப் பத்துப் பத்தாகக் கொடுங்கள்: 10, 20, 30. இடையில் ஒரு வாழ்த்துரை வந்தால் 15 என்று சொருகலாம். மலர் வேலையில் வாழ்த்துரை வராமல் இருக்காது.

முதலில் சேர்க்கும் ஃபைல்தான் ஸ்டைல் மூலம் ஆகும். பலர் முன்பக்கங்கள் ஃபைலை முதலில் சேர்த்துவிடுகிறார்கள். அதில் உடல் உரையின் ஸ்டைல் ஒழுங்காக இருக்காது. சிங்க்ரனைஸ் செய்ததும் அந்த அரைகுறை ஸ்டைல் எல்லா அத்தியாயத்துக்கும் பரவும். புக் பேனலில் (புக் ஃபைலைத் திறந்தால் வரும் சிறு சன்னல்) ஃபைல் பெயருக்கு இடப்பக்கம் உள்ள கட்டத்தைச் சொடுக்கி, முழுமையாக முடித்த ஓர் அத்தியாயத்தை மூலமாக மாற்றுங்கள். அதைவிட நல்லது, உரை எதுவும் இல்லாமல் எல்லா ஸ்டைலும் உள்ள ஒரு வெற்று ஃபைலிலிருந்து எல்லா அத்தியாயத்தையும் பிறப்பிப்பது.

சிங்க்ரனைஸ் ஆப்ஷனில் எல்லாவற்றையும் டிக் செய்ய வேண்டாம். பத்தி ஸ்டைல், எழுத்து ஸ்டைல், ஸ்வாட்ச் (பெயரிட்டுச் சேமித்த வண்ணம்), எண்ணிட்ட பட்டியல் போதும். மேல்தலைப்பு, பக்க எண் போல எல்லாப் பக்கத்திலும் வருவதை வைத்திருக்கும் மாஸ்டர் பக்கத்தை (புதிய பதிப்புகளில் அதன் பெயர் பேரன்ட் பக்கம்) டிக் செய்தால், அத்தியாயத்தில் யாராவது மேல்தலைப்பைக் கையால் மாற்றியிருக்கும் பக்கங்களில் பழையதும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க வாய்ப்பு உண்டு. மேல்தலைப்பு வடிவம் உண்மையாகவே மாறும் நாளில் மட்டும் அதை டிக் செய்து, உடனே பக்கம் பக்கமாகப் பாருங்கள். இன்னொன்று: மூலத்தில் இல்லாத ஸ்டைலை சிங்க்ரனைஸ் அழிக்காது. ஒருவர் 'தலைப்பு' என்றும் மற்றவர் 'தலைப்பு ' என்று கடைசியில் ஒரு இடைவெளியோடும் பெயர் வைத்திருந்தால் இரண்டும் இரண்டு ஸ்டைலாகவே இருக்கும், பொருளடக்கத்தில் பாதித் தலைப்பு காணாமல் போகும். 'பொருளடக்கத்தில் நாலாம் அத்தியாயம் வரவில்லை' என்றால் முதலில் இதைத்தான் தேட வேண்டும்.

ஸ்வாட்ச் கதையும் அப்படித்தான். இரண்டு வண்ண மலரில் ஒரு ஃபைலில் ஸ்பாட் நீலம் (தனி மையாக அச்சாகும் நீலம்) ஒரு பெயரிலும் இன்னொன்றில் வேறு பெயரிலும் இருந்தால் அச்சகத்தில் பிளேட் ஒன்று கூடும். அந்தக் காசு உங்கள் கணக்கில்தான் விழும்.

பக்க எண்ணில் தவறு வருவது மிகச் சாதாரணம். புக் பேனல் 'முந்தைய ஃபைலிலிருந்து தொடர்' என்று அமைந்திருந்தாலும், அத்தியாய ஃபைலுக்குள் நம்பரிங் அண்ட் செக்‌ஷனில் 'இந்த எண்ணில் தொடங்கு: 1' என்று இருந்தால் ஃபைலின் சொல்தான் செல்லும். ஒரு அத்தியாயத்தை நகலெடுத்து அடுத்ததை உருவாக்கும்போது இது கூடவே வந்துவிடும். முதல் அத்தியாயம் மட்டும் 1-ல் தொடங்கலாம், முன்பக்கங்கள் ரோமன் எண்ணில் தனியாகப் போகலாம். மற்ற எல்லாவற்றிலும் 'ஆட்டோமேட்டிக்' இருக்க வேண்டும்.

'பக்க எண்ணைத் தானாகப் புதுப்பி' என்பதை வேலை நடக்கும்போது அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பக்கம் கூடியதும் பின்னால் உள்ள ஃபைல்கள் எல்லாவற்றையும் திறந்து எண் மாற்றப் பார்க்கும். அதே நேரம் வேறு கணினியில் யாராவது ஏழாம் அத்தியாயத்தைத் திறந்து வைத்திருந்தால் அது பூட்டப்பட்டிருக்கும், எண் பாதியில் நின்றுவிடும். நாள் முடிவில் எல்லாரும் மூடிய பிறகு பேனல் மெனுவில் 'அப்டேட் ஆல் நம்பர்ஸ்', பிறகு 'அப்டேட் ஆல் கிராஸ் ரெஃபரன்ஸ்'. வரிசை முக்கியம்: எண் திருந்தாமல் குறுக்குக் குறிப்பைப் புதுப்பித்தால் பழைய பக்கத்தையே காட்டும்.

பேனலில் சிவப்புக் கேள்விக்குறி வந்தால் ஃபைல் அந்த இடத்தில் இல்லை. மஞ்சள் முக்கோணம் வந்தால், புக் மூடியிருக்கும்போது யாரோ அந்த அத்தியாயத்தைத் தனியாகத் திறந்து மாற்றியிருக்கிறார்கள். இருமுறை சொடுக்கித் திறந்து சேமித்தால் போய்விடும். வெளி ஹார்ட் டிஸ்கில் நேரடியாக வேலை செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை. நேற்று ஈ டிரைவாக இருந்தது இன்று எஃப் டிரைவாக வந்து நிற்கும், லிங்க் தேடுதல் தொடங்கும். கணினிக்குள் நகலெடுத்து வேலை செய்து, முடித்ததும் திரும்ப ஏற்றுவதே நல்லது. கூகுள் டிரைவ் ஃபோல்டரில் திறந்த ஃபைலை வைத்து வேலை செய்தால் இருவரும் சேமித்த கணத்தில் ஒரே அத்தியாயத்துக்கு இரண்டு பிரதி முளைக்கும். வேலை நேரத்தில் ஒத்திசைவை நிறுத்தி வையுங்கள்.

எத்தனை துண்டு?

மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு ஒரு கையேடு போடுவதாகக் கொள்வோம். 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள். அவை நான்கு தொகுதி: மண்டபம் 7, கீழக்கரை 7, வேம்பார் 3, தூத்துக்குடி 4. தீவுக்கு ஒரு ஃபைல் என்று 21 ஆக வெட்டலாம், தொகுதிக்கு ஒன்று என்று 4 ஆகவும் வெட்டலாம்.

21 ஆக வெட்டினால் தீவு ஒன்றுக்கு ஆறு, ஏழு பக்கம்தான் தேறும். ஒவ்வொரு ஃபைலும் புதிய பக்கத்தில்தான் தொடங்க முடியும். குருசடைத் தீவின் உரை பக்கத்தின் கால்வாசியில் முடிந்தால் மீதி முக்கால் பக்கம் வெறுமையாகவே நிற்கும், அடுத்த தீவை அதே பக்கத்தில் தொடர முடியாது. முயல் தீவுக்கு ஒரு படம் நகர்த்த 21 வரியில் ஃபைலைத் தேட வேண்டும். 4 ஆக வெட்டினால் மண்டபம், கீழக்கரைத் தொகுதிகள் தலா ஐம்பது பக்கம் வரும். ஒரு ஆள் ஒரு தொகுதி என்று பகிர்ந்துகொள்ளலாம். முன்பக்கங்கள், பொருளடக்கம், அகராதி ஆகியவற்றுக்கு மூன்று ஃபைல் சேர்த்து மொத்தம் ஏழு. எங்கள் தேர்வு இதுவே. ஒரு ஃபைலில் 30 முதல் 60 பக்கம் இருப்பது கைக்கு அடக்கமான அளவு.

கையேட்டில் பட எண்ணும் அட்டவணை எண்ணும் நூல் முழுக்கத் தொடர வேண்டும். அதற்குப் பட்டியல் ஒன்றை உருவாக்கி, 'புக்கின் முந்தைய ஃபைலிலிருந்து எண்ணைத் தொடர்' என்பதை டிக் செய்து, படக்குறிப்பு ஸ்டைலை அந்தப் பட்டியலோடு கட்ட வேண்டும். கையால் எண் அடித்தால், வேம்பார்த் தொகுதியில் நல்லதண்ணித் தீவின் படம் ஒன்றை நீக்கும் அன்று தூத்துக்குடித் தொகுதி முழுவதும் தப்பாகிவிடும்.

மலருக்கு வேறு கணக்கு. கட்டுரைகள் ஒரு ஃபைல் அல்லது இரண்டு, விளம்பரம் தனி ஃபைல். விளம்பரம் நடுவில் இடம்பெற வேண்டுமானால் ஒவ்வொரு விளம்பரத்தையும் தனி பிடிஎஃப்பாக முடித்து, கட்டுரைப் பக்கத்தில் லிங்க்காக வையுங்கள். கடைக்காரர் கடைசி நாளில் கைபேசி எண்ணை மாற்றச் சொன்னால் அந்தத் துண்டை மட்டும் திருத்தி லிங்க்கைப் புதுப்பித்தால் வேலை முடிந்தது. படம் அனுப்புகிறவர்களிடம் வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் சுருங்கி வரும், முழுப்பக்க விளம்பரத்துக்கு உதவாது.

கீழக்கரை நூல்களில் அரபுப் பகுதி வருவது வழக்கம். வேர்ல்ட் ரெடி கம்போசரில் அதுவும் சரியாக வரும். பத்தியின் திசையை வலமிருந்து இடமாக மாற்ற வேண்டும். அந்த அத்தியாயத்தை மட்டும் தனி ஃபைலாக்கி டாக்குமென்ட் செட்டப்பில் பைண்டிங்கையே வலப்பக்கமாக மாற்றிவிடாதீர்கள். நூல் தமிழ் நூல், பைண்டிங் இடப்பக்கம்தான். திசை பத்தியோடு நிற்கட்டும். அரபுத் தமிழ் எழுத்துகள் வந்தால், தமிழ் ஒலிக்காகக் கூடுதல் புள்ளி இட்ட எழுத்துகள் உங்கள் எழுத்துருவில் உண்டா என்று ஒரு வரி அடித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

லிப்ரே ஆபிஸ் மாஸ்டர் டாக்குமென்ட்

காசு இல்லாமல் ஒழுங்காக ஒரு நூல் முடிக்க இது போதும். ஒரே ஃபைலாக அடித்து முடித்து, அத்தியாயத் தலைப்புகளுக்கு 'ஹெடிங் 1' கொடுத்திருந்தால், ஃபைல் மெனுவில் சென்ட், கிரியேட் மாஸ்டர் டாக்குமென்ட் என்று போனால் அதுவே தலைப்பு வாரியாக வெட்டி அடுக்கித் தரும். அல்லது புது மாஸ்டர் டாக்குமென்ட் திறந்து நேவிகேட்டரில் ஒவ்வொரு ஃபைலாகச் சேர்க்கலாம்.

மாஸ்டரில் அத்தியாயத்தின் உரையைத் திருத்த முடியாது. அந்தந்த ஃபைலைத் திறந்து திருத்தி, மாஸ்டரில் லிங்க்கைப் புதுப்பிக்க வேண்டும். ஒரே பெயருள்ள ஸ்டைல் இருந்தால் மாஸ்டரில் உள்ள அமைப்பே காட்டப்படும், ஆனால் அத்தியாய ஃபைல் உள்ளே மாறாது. இன்டிசைனோடு ஒப்பிட்டால் இது பாதுகாப்பானது, அதேசமயம் குழப்பமானது. தனியாகத் திறந்தால் ஒரு தோற்றம், மாஸ்டரில் வேறு தோற்றம். புரூஃப் எப்போதும் மாஸ்டரிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஸ்டைலில் தமிழ் எழுத்துருவைச் சிக்கல் எழுத்து வகைக்கான (காம்ப்ளெக்ஸ் அல்லது சிடிஎல்) பெட்டியில் கொடுக்க வேண்டும். மேற்கத்திய எழுத்துக்கான பெட்டியில் கொடுத்துவிட்டு 'எழுத்து மாறவே இல்லை' என்று தேடுபவர்கள் ஏராளம்.

அத்தியாயங்களுக்கு இடையே குறுக்குக் குறிப்பு தருவது இதில் நோகும். இன்னொரு தடை வண்ணம். லிப்ரே ஆபிஸின் ரைட்டர் தரும் பிடிஎஃப் ஆர்ஜிபி, அதாவது திரைக்கான வண்ண முறை. நான்கு வண்ணப் பிரிப்பு அதில் இல்லை. உள்பக்கம் கருப்பு மட்டும் என்றால் அச்சகத்தில் கிரேஸ்கேலாக மாற்றிக்கொள்வார்கள், முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். வண்ண மலருக்கு இது வேண்டாம். வேர்டிலும் மாஸ்டர் டாக்குமென்ட் உண்டு. நூல் வேலைக்கு அதை நம்பி இறங்க வேண்டாம், நீண்ட ஃபைல்களைக் கெடுப்பதில் அதற்குப் பெயர் போயிருக்கிறது.

பேஜ்மேக்கரும் ஸ்கிரைபஸும்

பேஜ்மேக்கரிலும் யூட்டிலிட்டீஸ் மெனுவில் புக் பட்டியல் உண்டு. பக்க எண் தொடரவும், ஒற்றைப்படைப் பக்கத்தில் தொடங்கவும் வழி இருக்கிறது. ஆனால் யூனிகோட் தெரியாது. கடைசிப் பெரும் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-ல். பழைய மலரைத் திரும்ப அச்சிடக் கேட்டால், அதே கணினியில், அதே எழுத்துருவோடு திறந்து பிடிஎஃப் எடுப்பது ஒன்றே நிம்மதியான வழி. பேஜ்மேக்கர் ஃபைலை நேரே திறக்கும் வசதி இன்டிசைன் சிஎஸ் 6 வரைதான். திறந்தாலும் குறியாக்கத்தை மாற்றும் வேலை மிச்சம் இருக்கும்.

ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் இலவசம், சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு வண்ண முறை) தரும், 1.6 பதிப்பில் தமிழும் ஒழுங்காக அமைகிறது. பல ஃபைல்களைக் கட்டும் புக் வசதிதான் இல்லை. அத்தியாயத்துக்கு ஒரு ஃபைல், ஒவ்வொன்றிலும் செக்‌ஷனில் தொடக்க எண்ணைக் கையால் போடு, பிடிஎஃப்களைக் கடைசியில் சேர் என்றுதான் போக வேண்டும். அறுபது பக்கப் பள்ளி ஆண்டு மலர் வரை தாங்கும்.

அகராதி வரிசை

மீன் கையேட்டுக்குக் கடைசிப் பத்துப் பக்கம் பெயரகராதி இல்லாமல் முடியாது. புக் ஃபைலில் இண்டெக்ஸ் பேனலில் 'புக்' என்பதை டிக் செய்து, எல்லா ஃபைலையும் திறந்து வைத்து, 'புக்கில் உள்ள ஃபைல்களைச் சேர்' என்று உருவாக்கினால் எல்லா அத்தியாயத்தின் பக்க எண்ணும் ஒன்றாக வந்துவிடும். இதுவரை நன்றாகவே போகும். சிக்கல் வரிசையில்.

யூனிகோடில் எழுத்துகளின் குறியெண் வரிசை தமிழ் நெடுங்கணக்கு வரிசை அல்ல. அங்கே ல, ள, ழ, வ. நமக்கு ல, வ, ழ, ள, ற, ன. எனவே குறியெண்படி அடுக்கினால் வலை, வள்ளம், வவ்வால் என்று வரும். வர வேண்டியது வலை, வவ்வால், வள்ளம். புள்ளியின் குறியெண்ணும் கடைசியில் இருப்பதால் கடல் முன்னால் வந்து கட்டுமரம் பின்னால் போய்விடும். அகராதியில் கட்டுமரம்தான் முதலில். இன்டிசைனின் வரிசை அமைப்பில் ரோமன், கிரேக்கம், சிரிலிக் போன்றவற்றுக்குத் தனி இடம் உண்டு, தமிழுக்கு இல்லை.

இருநூறு பதிவுக்குள் என்றால் உருவான அகராதியைக் கடைசியில் கையால் அடுக்கிவிடுங்கள். அரை நாள் வேலை. பக்க எண் எல்லாம் உறுதியான பிறகு மட்டும் செய்யுங்கள், மறுபடி உருவாக்கினால் அடுக்கியது அழிந்துவிடும். அதற்கு மேல் என்றால் பதிவுகளைத் தனியாக நெடுங்கணக்குப்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் 0010, 0020 என்று எண் கொடுத்து, அதை இண்டெக்ஸ் பதிவின் 'வரிசைச் சொல்' பெட்டியில் இடலாம். ஒரே மீனுக்கு எல்லா அத்தியாயத்திலும் ஒரே எண் இருக்க வேண்டும். லிப்ரே ஆபிஸில் அகராதிக்கு வரிசை மொழியைத் தேரும் இடம் இருக்கிறது. தமிழைத் தேர்ந்து, மேலே சொன்ன ஐந்து சொற்களை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

அச்சகத்துக்குப் போகும் முன்

பல ஃபைலாகப் பிரித்த நூலில் ஒவ்வொரு அத்தியாயமும் வலப்பக்கத்தில் தொடங்கட்டும் என்று 'அடுத்த ஒற்றைப்படைப் பக்கம், வெற்றுப் பக்கம் சேர்' என்பதைத் தேர்வது வழக்கம். 12 அத்தியாயம் என்றால் ஏறத்தாழ பாதிக்கு முன்னால் ஒரு வெற்றுப் பக்கம் விழும். 208 பக்கம் என்பது 16 பக்க ஃபாரத்தில் (ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி) சரியாக 13 ஃபாரம். ஆறு வெற்றுப் பக்கம் சேர்ந்து 214 ஆனால் 14 ஃபாரம் தேவை, 224 பக்கம். வெறும் ஆறு பக்கத்துக்காக ஒரு முழு ஃபாரத்தின் தாளும் பிளேட்டும். 'அடுத்த பக்கத்தில் தொடர்' என்று மாற்றினால் 13-க்குள் அடங்கிவிடும். விலை பேசும் முன்பே இரண்டு வகையிலும் எண்ணிப் பார்த்து வாடிக்கையாளரிடம் கேட்டுவிட வேண்டிய கேள்வி இது.

பிடிஎஃப் எடுக்கும்போது புக் பேனலில் ஏதாவது ஒரு அத்தியாயம் தேர்ந்த நிலையில் இருந்தால் மெனு 'தேர்ந்த ஃபைல்களை ஏற்றுமதி செய்' என்று மாறிவிடும். அந்த ஒன்று மட்டுமே பிடிஎஃப் ஆகும். பேனலின் அடியில் காலி இடத்தில் ஒருமுறை சொடுக்கிவிட்டு மெனுவுக்குப் போங்கள். அதே மெனுவில் உள்ள 'பேக்கேஜ் புக்' எல்லா அத்தியாயத்தையும் படங்களையும் எழுத்துருக்களையும் ஒரே ஃபோல்டரில் திரட்டித் தரும். அச்சகத்துக்குப் பிடிஎஃப்பை அனுப்பி, பேக்கேஜ் செய்த ஃபோல்டரை உங்களிடம் இரண்டு பிரதி வையுங்கள், ஒன்று வேறு கட்டடத்தில். கடைசிப் பக்க எண்ணைப் பிடிஎஃப்பிலும் புக் பேனலின் கடைசி வரியிலும் ஒத்துப் பார்த்த பிறகே அனுப்பும் பொத்தானைத் தொடுங்கள்.